பெரிய டர்போவும் பாம்பன் ஏற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், சரக்கு வண்டிக்கு இழுவை போதவில்லை என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, ‘ஒரு சைஸ் பெரிய டர்போ போட்டுப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, கீழக்கரை பக்கத்து மீன் லோடு வண்டிகள் பட்டறைக்கு வருவதும் அந்த நாட்களில்தான். அந்த ஒரு வரியை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாதே என்பதற்காக இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

புகைவாயு டர்பைன் வீலைச் சுழற்ற, அதே அச்சில் இருக்கும் கம்ப்ரசர் வீல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும், அதுதான் டர்போ. பெரிய டர்போ போட்டால் குதிரைத்திறன் கூடும் என்பது பொய்யில்லை. எந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடும்போது, கூடும் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. 3,500 ஆர்பிஎம்மில் கூடுகிற 20 குதிரை, நாள் முழுக்க 1,600-க்கும் 2,200-க்கும் நடுவில் ஓடுகிற பிக்கப் வண்டிக்கு எதற்கு? அதே டர்போ 1,500 ஆர்பிஎம்மில் ஏற்கெனவே இருந்த இழுவையையும் பிடுங்கிக்கொள்ளும்.

நம் மாவட்டத்துச் சாலைகள் தாம்பாளம் மாதிரி. லோடு வண்டிக்குப் பரீட்சை வைப்பது பெரும்பாலும் 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம்தான். சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், நடுவில் நன்றாக மேலேறி இறங்குகிறது. ஐஸ் போட்டு மீன் ஏற்றிய வண்டி ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே வரும்போது முன்னால் ஒரு சுற்றுலா பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் நாலு கார் நிற்கும். டிரைவர் மூன்றாவது கியருக்கு இறக்கி 30 கிலோமீட்டர் வேகத்தில் வருவார், இன்ஜின் 1,500-ல் இருக்கும். பஸ் விலகியதும் மிதிப்பார். அளவான டர்போ என்றால் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம், ஏறி வண்டி நகரும். பெரிய டர்போ என்றால் பூஸ்ட் மீட்டர் முள் 0.2 பார் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும், பின்னால் கரும்புகை மண்டும். இரண்டாவது கியருக்கு இறக்கி 2,400 வரை அலறவிட்டால்தான் பூஸ்ட் வரும். வரும்போது மொத்தமாக வரும், டிரைவர் மூன்றுக்கு மாற்றுவார், ஆர்பிஎம் இறங்கும், பூஸ்ட் மறுபடி போய்விடும். ஏற்றம் முடிகிற வரை இதே கூத்துதான்.

காரணம் டர்போவுக்குள் சுழலும் வீல்களின் எடையும் விட்டமும். ஒரே வடிவத்தில் விட்டம் கூடினால், சுழற்றுவதற்கு எதிராக நிற்கும் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடும். 10 சதவீதம் பெரிய வீல் என்றால் நிலைமம் 60 சதவீதம் கூடுகிறது. 44 மில்லிமீட்டர் கம்ப்ரசர் வீலை 52-ஆக மாற்றி, டர்பைன் வீலும் அதே விகிதத்தில் பெரிதானால், 2.3 மடங்கு. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏமாறுகிற இடம் அதுதான்.

‘லேக்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நோயைச் சொல்கிறோம். ஒன்று, எவ்வளவு நேரம் மிதித்தாலும் இந்த ஆர்பிஎம்முக்குக் கீழே பூஸ்ட் வராது என்கிற வாசல். அந்த ஆர்பிஎம்மில் புகைப்போக்கிக்குப் போகும் வாயுவுக்கு டர்பைனைச் சுழற்றத் தெம்பு போதாது. இன்னொன்று, வாசலுக்கு மேலே இருந்தும் மிதித்த கணத்துக்கும் பூஸ்ட் ஏறும் கணத்துக்கும் உள்ள தாமதம். தாமதத்தை நல்ல ஓட்டுநர் கியரால் சமாளிப்பார். வாசல் 2,200-ல் இருந்தால் யாராலும் சமாளிக்க முடியாது, வேறு டர்போதான் போட வேண்டும்.

டர்போவைத் தொடுவதற்கு முன் புகையைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் சக்தி கொடுப்பது டீசல், அதை எரிக்க இடம் கொடுப்பது காற்று. முழு மிதியில் ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் வண்டி சோம்பினால் டீசல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, லிஃப்ட் பம்ப், இன்ஜெக்டர், பம்ப் டைமிங் என்று தேட வேண்டும். இந்த இரண்டாவது வண்டிக்குப் பெரிய டர்போ போட்டால் ஒரு குதிரைகூடக் கூடாது, லேக் மட்டும் வந்து சேரும்.

காற்று போதாத வண்டியிலும் பாதிக்கு மேல் டர்போ குற்றவாளி இல்லை. காற்று எங்கோ ஒழுகுகிறது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் டியூப் வால்வு பொருத்திய பிளக் வைத்து 1 பார், அதாவது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ, காற்று ஏற்றுங்கள். பிளக்கை கிளிப் போட்டு இறுக்கிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் துப்பாக்கி ரவை மாதிரி பறக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை தானே சொல்லும். நம் கடற்கரையில் இன்டர்கூலரின் அலுமினியத் தொட்டியும் டியூபும் சேரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், உப்பரிப்பு. அந்தப் பொடிக்கு அடியில் ஊசித் துளை இருக்கும். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் சொட்டுகிற வண்டியில் இது இன்னும் சீக்கிரம். அடுத்து வேஸ்ட்கேட், பூஸ்ட் அளவு மீறாமல் புகைவாயுவை டர்பைனுக்குள் விடாமல் வெளியே திருப்பும் கதவு. அதன் அச்சு துருப்பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்டால் பூஸ்ட் ஏறவே ஏறாது. இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு புது டர்போ விலையில் ஒரு சிறு பங்குதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால் கணக்குப் போடலாம். முதல் கேள்வி, உங்கள் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறது என்பது. ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் இல்லாத வண்டிக்கும் கணக்கு உண்டு. டயர் ஒரு சுற்றில் தரையில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். லோடோடு அளக்க வேண்டும். 2.15 மீட்டர் வருகிறது, ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 4.3 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 1,000-ஐ 2.15-ஆல் வகுத்தால் 465 சுற்று, அதை 4.3-ஆல் பெருக்கினால் 2,000. நேர் கியரில், அதாவது விகிதம் 1 உள்ள கியரில், இன்ஜின் 2,000 ஆர்பிஎம். 0.8 விகித ஓவர்டிரைவ் ஐந்தாவது கியர் இருந்தால் 1,600. உச்சிப்புளி, தேவிபட்டினம், சாயல்குடி என்று ஊருக்கு ஊர் வேகத்தடையில் இறங்கி ஏறும்போது 1,200-லிருந்து 1,800. ஆக, முழு பூஸ்ட் 1,800-க்குள் வந்தாக வேண்டும். பாதி பூஸ்டாவது 1,400-ல் தலைகாட்ட வேண்டும். 3,500-ல் என்ன நடக்கிறது என்பது கடைசிக் கேள்வி.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு சக்தி வேண்டும் என்பது. ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு’ என்பது பதில் ஆகாது. உதாரணத்துக்கு, 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல், 75 குதிரை வண்டியை 3,200 ஆர்பிஎம்மில் 100 குதிரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 குதிரை என்பது ஏறக்குறைய 75 கிலோவாட். பழைய வகை இன்ஜின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 240 கிராம் டீசல் குடிக்கும் என்றால் மணிக்கு 18 கிலோ, நிமிடத்துக்கு 0.3 கிலோ. புகையில்லாமல் எரிய ஒரு பங்கு டீசலுக்கு 22 பங்கு காற்று கொடுப்போம். அப்படியானால் நிமிடத்துக்கு 6.6 கிலோ காற்று.

இன்ஜின் எவ்வளவு உறிஞ்சும்? நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உறிஞ்சும். 2.5 லிட்டர் பெருக்கல் 1,600 என்றால் நிமிடத்துக்கு 4,000 லிட்டர். நிரம்பும் திறன் 85 சதவீதம் எனில் 3,400 லிட்டர், அதாவது 3.4 கன மீட்டர். 6.6 கிலோவை 3.4-க்குள் அடைக்க வேண்டும், ஒரு கன மீட்டருக்கு 1.94 கிலோ. இன்டர்கூலர் தாண்டி காற்று 60 டிகிரியில் இருந்தால் இந்த அடர்த்திக்கு, காற்று இன்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்டில் 1.85 பார் முழு அழுத்தம் வேண்டும். வெளிக்காற்று 1.01 போக, மீட்டரில் தெரிய வேண்டியது வெறும் 0.84 பார். 1.3, 1.5 பார் என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்டர்கூலரிலும் குழாயிலும் 0.1 பார், ஏர் ஃபில்டரில் 0.03 பார் இழப்பு. கம்ப்ரசர் உள்வாங்குவது 0.98, வெளியே தள்ளுவது 1.95. இரண்டுக்கும் விகிதம் 2.0. இப்போது கையில் இரண்டு எண் இருக்கிறது: அழுத்த விகிதம் 2.0, காற்று நிமிடத்துக்கு 6.6 கிலோ. ஆங்கில அளவில் 14.5 பவுண்டு. டர்போ தயாரிப்பாளர் தரும் கம்ப்ரசர் வரைபடத்தில் இந்தப் புள்ளியைக் குறியுங்கள். வரைபடம் தராத கடையில் புது டர்போ வாங்காதீர்கள்.

ஒரு புள்ளி போதாது. அதே முழு பூஸ்டில் 1,500 ஆர்பிஎம்முக்கும் ஒரு புள்ளி குறிக்க வேண்டும். காற்று அதே விகிதத்தில் குறையும்: 6.6 பெருக்கல் 1,500 வகுத்தல் 3,200, ஏறக்குறைய 3.1 கிலோ. இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடு போட்டால் அதுதான் உங்கள் வண்டியின் பாதை. வரைபடத்தின் இடது எல்லைக்கு சர்ஜ் கோடு என்று பெயர். 1,500 புள்ளி அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. பெரிய கம்ப்ரசரில் இந்தப் புள்ளி இடப்பக்கம் விழுந்துவிடும். அப்போது வீல் காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் காற்று திரும்பி அடிக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் முழு மிதியில் ஹோஸுக்குள் புறா சிறகடிப்பது போல ஒரு படபடப்புக் கேட்கும். சிலர் அதை ரசிக்கிறார்கள். ஒவ்வொரு படபடப்பும், டர்போ அச்சு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் விழும் சுத்தியல் அடி.

வலது எல்லைக்குப் போனால் எதிர்க் கோளாறு. டர்போ சின்னது. வீல் அளவுக்கு மீறிச் சுழலும், திறன் 60 சதவீதத்துக்குக் கீழே விழும், காற்று கொதிக்கும். வெளிக்காற்று 40 டிகிரி, விகிதம் 2.0, திறன் 70 சதவீதம் என்றால் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று 138 டிகிரி. திறன் 60 ஆனால் 154. இன்டர்கூலரின் பாடு திண்டாட்டம். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் முன்னால் மீன் செதிலும் உப்புத் தூசியும் அப்பியிருக்கிற வண்டியில் மேலே சொன்ன 60 டிகிரி கனவுதான், 80 வரும். இங்கே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் காற்று குறைகிறது. அந்தக் காற்றைத் தேடி டர்போவை மாற்றுவதைவிட இன்டர்கூலரைக் கழுவுவது மலிவு.

மேலே சொன்ன வண்டிக்கு 44-லிருந்து 49 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ள கம்ப்ரசர் வீலைத் தாண்ட வேண்டிய தேவை இராது. வீலின் இரண்டு விட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று நுழையும் வாய் 37.2, வெளிவிட்டம் 48 என்றால், 37.2-ஐ 48-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 100-ஆல் பெருக்கினால் 60. இதைத்தான் டிரிம் 60 என்கிறார்கள். ஒரே வெளிவிட்டத்தில் டிரிம் கூடினால் அதிகக் காற்று போகும், சர்ஜ் கோடும் வலப்பக்கம் நகரும்.

டர்பைன் பக்கத்தில் பார்க்க வேண்டியது, வீலைச் சுற்றியிருக்கும் நத்தைக்கூடு போன்ற ஹவுசிங்கின் ஏ/ஆர். நத்தைக்கூட்டின் குறுக்குப் பரப்பை, அச்சின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையத்துக்கு உள்ள தூரத்தால் வகுத்த எண். எண் சிறிதானால் வாயு ஒடுங்கிய வழியில் வேகமாகப் பாய்ந்து வீலைச் சீக்கிரம் சுழற்றும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுவது போல. ஆனால் மேல் ஆர்பிஎம்மில் அதே ஒடுக்கம் மூச்சை அடைக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏ/ஆர் அச்சிடுவதில்லை, சிலர் சதுர சென்டிமீட்டரில் பரப்பை மட்டும் போடுவார்கள். ஒரு குடும்பத்து டர்போவின் 0.48-ஐ இன்னொரு குடும்பத்தின் 0.48-உடன் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

ஹவுசிங் இறுக்கமா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு ஒரு முழம் செப்புக் குழாய் வைத்து அழுத்த மீட்டர் மாட்டுங்கள். குழாய் நீளமாக இருந்தால்தான் மீட்டர் வேகாது. பூஸ்ட் 0.85 பாராக இருக்கும்போது டர்பைனுக்கு முன் 1.0-லிருந்து 1.3 வரை இருந்தால் லோடு வண்டிக்குச் சரி. 1.7-ஐத் தாண்டினால் ஹவுசிங் சின்னது, அல்லது சைலன்சர் அடைத்திருக்கிறது. இரண்டாவதை முதலில் பாருங்கள். துளை போட்டதோடு வெப்பமானியும் வைத்துவிடலாம். டர்பைனுக்கு முன் தொடர்ந்து 700 டிகிரிக்கு மேல் நின்றால் டீசலைக் குறைக்க வேண்டும்.

பூஸ்ட் குறைவாக இருக்கிறது என்று வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டை முறுக்கிச் சுருக்குகிற பழக்கம் நம் பக்கம் ரொம்பவே இருக்கிறது. நாலு சுற்று முறுக்கினால் காசு செலவில்லாமல் பூஸ்ட் ஏறும். கூடவே சின்ன வீல் 2 லட்சம் ஆர்பிஎம்மைத் தாண்டும், சிலிண்டர் அழுத்தம் ஏறும், முதலில் ஹெட் கேஸ்கெட் போகும். கிளட்சையும் மறந்துவிடக் கூடாது. 3,200-ல் 100 குதிரை என்பது வெறும் 223 நியூட்டன் மீட்டர், கிளட்ச் தாங்கும். ஆனால் நல்ல சின்ன டர்போ 1,800-லேயே முழு பூஸ்ட் தரும்போது டீசலைக் கண்டபடி திறந்துவிட்டால் அங்கே 280, 300 என்று திருகும். 200-க்குச் செய்த கிளட்ச் பிளேட் பாம்பன் ஏற்றத்திலேயே நாற்றம் காட்டும். டீசல் திறப்பை ஆர்பிஎம்முக்கு ஏற்பப் படிப்படியாக வைக்கத் தெரிந்த பம்ப் மெக்கானிக்கிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதி கார்களில் வந்த அதே 1,248 சிசி டீசல் இன்ஜின் இரண்டு விதமாக இருந்தது நினைவிருக்கும். நிலையான ஹவுசிங் டர்போவுடன் 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர், 2,000 ஆர்பிஎம்மில். விஜிடி என்கிற, இறகுகள் அசைந்து வழியை ஒடுக்கவும் விரிக்கவும் செய்கிற டர்போவுடன் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர், 1,750-ல். உச்ச சக்தி கூடியும் இழுவை கீழே இறங்கி வந்தது. ஒரே டர்போ கீழே சின்னதாகவும் மேலே பெரிதாகவும் வேலை செய்கிறது. அதைப் பார்த்துவிட்டு காயலான் கடையில் ஒரு விஜிடி வாங்கி மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மாட்டலாமா என்று கேட்பார்கள். இறகுகளை எப்போது எவ்வளவு திறப்பது என்று சொல்ல இசியு என்கிற கணினிப் பெட்டி இல்லாமல் அது கண்ணில்லாத குதிரை. வேண்டாம்.

டாக்ஸி கொடைக்கானல் போகிறது என்றால் இன்னொன்றும் உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 0.79 பார் அளவுக்கு இறங்கிவிடும். வேஸ்ட்கேட் அதே 0.84 பார் பூஸ்ட் கொடுத்தாலும் கம்ப்ரசரின் அழுத்த விகிதம் 2.0-லிருந்து 2.3 ஆகிறது, வீல் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கடல் மட்டத்திலேயே வரைபடத்தின் விளிம்பில் ஓடுகிற டர்போ மலையில் செத்துவிடும். மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

படகு இன்ஜினின் டர்போ வண்டிக்கு ஏன் ஒத்துவராது என்று கேட்பவர்கள் உண்டு. படகுக்கு அடியில் சுழலும் காற்றாடி தண்ணீரைத் தள்ளத் தேவைப்படும் சக்தி ஆர்பிஎம்மின் மூன்றாம் அடுக்கில் மாறும். பாதி ஆர்பிஎம்மில் எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். அதனால் படகுக்குக் கீழே பூஸ்ட் தேவையே இல்லை. கடலில் மணிக்கணக்கில் ஒரே ஆர்பிஎம்மில் ஓடும், அந்த ஒரு புள்ளிக்குப் பொருந்தினால் போதும், பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. வண்டிக்கு 1,400-லேயே இழுவை தலைகாட்ட வேண்டும். ‘படகில் பிரமாதமாக ஓடியது’ என்ற சான்றிதழுக்குச் சாலையில் மதிப்பில்லை.

பழைய டர்போ வாங்கினால் அச்சை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். டயல் கேஜில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது சகஜம், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற பேரிங் அது. ஆனால் அழுத்தினாலும் வீல் ஹவுசிங்கில் உரசக் கூடாது. கம்ப்ரசர் இறகின் முன்விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மொட்டையாக, மணல் தேய்த்த மாதிரி இருந்தால் ஏர் ஃபில்டர் சரியாக உட்காராத வண்டியிலிருந்து வந்தது. கச்சான் காற்று மணலை அள்ளி வீசுகிற தனுஷ்கோடிப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் இது சாதாரணம்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் பெரியது எண்ணெய் திரும்பும் வழியில். அங்கே அழுத்தம் கிடையாது, நுரைத்த எண்ணெய் தன் எடையால் வழிந்து இறங்க வேண்டும். குழாய் குறைந்தது அரை அங்குல உள்விட்டம், வளைந்து மேலேறாமல் நேரே கீழ்நோக்கி, சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். தவறினால் எண்ணெய் சீலைத் தாண்டி இன்டர்கூலருக்கு வரும், ‘டர்போ சீல் போச்சு’ என்று நல்ல டர்போவைக் கழற்றுவார்கள். எண்ணெய் வரும் பக்கத்தில் சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள், பிதுங்கிய ஒரு துணுக்கு போதும், பேரிங் உலர்ந்துவிடும். இன்லெட் துளையில் 20, 30 மில்லி புது எண்ணெய் ஊற்றி அச்சைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு எண்ணெய் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். இன்ஜின் கிளம்பியதும் மூன்று நிமிடம் ஐட்லிங், மிதிக்கவே கூடாது.

சோதனை ஓட்டத்துக்கு இன்டர்கூலருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே டி வடிவ இணைப்பு போட்டு ஒரு பூஸ்ட் மீட்டர். லோடோடு மூன்றாவது கியரில் 1,200-லிருந்து முழு மிதி. முள் 0.4 பாரைத் தொடும் ஆர்பிஎம்மையும், முழு பூஸ்டைத் தொடும் ஆர்பிஎம்மையும் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். முன்னது 1,400 சுற்றி, பின்னது 1,800-க்குள் வந்தால் வேலை முடிந்தது. முழு பூஸ்ட் 2,300-ல்தான் வருகிறது, கசிவும் இல்லை என்றால், கம்ப்ரசரை விட்டுவிட்டு ஒரு படி சின்ன டர்பைன் ஹவுசிங் கிடைக்குமா என்று பாருங்கள். பல மாடல்களில் ஹவுசிங் மட்டும் மாற்ற முடியும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டியில் டர்போ, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர், புகை வடிகட்டி மூன்றும் ஒரே இசியுவின் பிடியில் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மற்ற இரண்டும் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு வண்டியை நொண்ட வைக்கும்.

தடைக்காலத்தில் வண்டியை 61 நாளும் அப்படியே நிறுத்தி வைத்தால் உப்புக்காற்றில் வேஸ்ட்கேட் அச்சும் விஜிடி இறகும் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள் 20 நிமிடம், கொஞ்சம் லோடோடு, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். இன்டர்கூலரை நல்ல தண்ணீரில், பிரஷர் குறைவாக வைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். அதிகப் பிரஷர் ஃபின்களை மடக்கிவிடும். ஜூன் 14 இரவு படகு கடலுக்குப் போவதற்கு முன் கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு 1 பார் கொடுத்துப் பாருங்கள். கம்பி தடங்கல் இல்லாமல் நகர்ந்து, காற்றை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் முதல் லோடை ஏற்றலாம்.

இப்படிக்கு,
டீசல் பம்ப், டர்போ வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்,
ராமநாதபுரம்.